அரசியல் ஆலோசகர் பிடிபட்ட கதை

சொந்தப் பெருமையை எங்கே வேண்டுமானாலும் பேசலாம். ஆமிக்காரரின் சோதனைச் சென்ட்ரியில் மட்டும் பேசக் கூடாது. இந்தச் சின்ன விஷயம் விளங்க எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கத் தேவைப்பட்டது.

யுத்த காலம். வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் இருந்தேன். கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ் எம்.பி.க்கு வெளிநாட்டு விவகாரப் பேச்சுகளை எழுதிக் கொடுத்து வந்தேன். (அவை தன் சொந்த மூளையில் உதித்தவை என்று அவர் சொல்லித் திரிந்தார். ஆகவே விஷயம் பரம ரகசியம்.) வல்லரசுகள் எல்லாம் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு.

அன்று காலிக்குப் போகும் பெருவீதியில், சென்ட்ரியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எங்களை இறக்கினார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அதைப் பார்த்த சிப்பாய், என்ன வேலை என்று சிங்களத்தில் கேட்டான். 'பத்திரிகைக்கு எழுதுகிறேன்' என்றிருந்தால் நேரே வீட்டுக்குப் போயிருப்பேன். வாய் சும்மா கிடந்தால்தானே!

"தேஷபாலன உபதேஷக," என்றேன். அரசியல் ஆலோசகராம்!

அவன் நிமிர்ந்தான். "காகேத?" யாருடைய ஆலோசகர்?

மரியாதையில் கேட்கிறான் என்று நினைத்து, புன்னகையோடு சொன்னேன்: "ஏக ரஹசக்." அது ரகசியம் என்று.

அந்த நாளில் யாழ்ப்பாணத்தான் ஒருவன் இப்படிச் சொன்னால், ஆயுதம் தூக்கிய இயக்கத்தைத் தவிர வேறு யாரை நினைப்பார்கள்?

பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் ஒரு மர வாங்கில் இருத்தினார்கள். இப்படி உள்ளே போய் வெளியே வராத பெடியன்களின் முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. எம்.பி.யின் பெயரைக் கக்கிவிட்டேன். இன்ஸ்பெக்டர் அவருக்குப் போன் போட்டார். எம்.பி.க்கு ஆலோசகர் என்று எவருமே இல்லையாம்!

பஸ்ஸில் வந்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி, அதற்குள் அக்கா ஓடி வந்திருந்தா. இன்ஸ்பெக்டரிடம் சிங்களத்தில் கெஞ்சிப் போனை வாங்கினா.

"ஐயா, நாளைக்கு நீங்கள் பாராளுமன்றத்தில பேச வேண்டியது இன்னும் இவன்ர தலைக்குள்ளதான் கிடக்கு. நீங்களே எழுதுவியளோ?"

உடனே எம்.பி.க்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. போன் இன்ஸ்பெக்டரின் கைக்குத் திரும்பியது. கேட்டு முடித்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எம்.பி.க்குப் பேப்பர் வாசித்துக் காட்டுகிறவன் நீதானா என்றார்.

"ஓவ் சேர், ஓவ் சேர்!" ஆமாம் ஐயா, ஆமாம் என்று.

எந்தப் பதவியையும் நான் அவ்வளவு சந்தோஷமாக ஏற்றதில்லை.

பிறகு எத்தனையோ தூதுவர்களோடு ஒரே மேசையில் இருந்துவிட்டேன். வெளிநாட்டுக் கொள்கை பற்றிப் புத்தகங்களும் எழுதிவிட்டேன். கலியாண வீடுகளில் அக்கா என்னை அறிமுகப்படுத்துவது மட்டும் மாறவில்லை.

"இவன் என்ர தம்பி. பேப்பர் வாசிக்கிறவன்."

போன மாதம் ஒரு மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டா: "ஐயோ பாவம், படிக்காமல் விட்டிட்டீரோ, தம்பி?"