பாதாளக் கரண்டியின் முதல் ஆல்பம்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. தேனெடுத்துப் பிழைக்கிற வழியைப் பார்க்காமல் அது 'பாதாளக் கரண்டி' என்று ஓர் இசைக்குழு வைத்திருந்தது. கரடி உட்கார்ந்து கிடார் வாசித்துக்கொண்டே பாடும்; முதுகுக்குப் பின்னால் முள்ளம்பன்றி டிரம்ஸ் அடிக்கும். வெறும் மெட்டல் என்று நினைத்துவிடாதீர்கள், புரோக்ரசிவ் மெட்டல். அதாவது, நாம் தலையாட்டத் தொடங்கியதும் தாளம் மாறி, கழுத்து சுளுக்கிக்கொள்ளும்.

மாடாய் உழைத்து முதல் ஆல்பத்தை வெளியிட்டார்கள். அதில் பத்தொன்பது நிமிடத்துக்கு ஒரே பாட்டு, ஏழரைத் தாளத்தில்.

கரடியின் மனைவி கறாராகச் சொல்லிவிட்டது: “என்னங்க, ஒருத்தராவது நல்லாயிருக்குன்னு சொல்லட்டும். இல்லேன்னா எங்கண்ணன்கூடத் தேனெடுக்கப் போயிடணும்.”

மச்சானிடம் கைகட்டி நிற்பதைவிடக் குளவிக்கூட்டில் தலையை விடலாம். கரடி கைபேசியும் கையுமாகத் தவம் கிடந்தது.

கருத்துகள் வந்தன.

“பாட்டைப் போட்டுட்டு மேயப் போனேன். மேஞ்சு, அசைபோட்டுட்டு வந்தா, இன்னும் பாடவே ஆரம்பிக்கல” என்றது எருமை.

“ஏழரைத் தாளமாம். கேட்டதுலேர்ந்து எனக்கு ஏழரை பிடிச்சிருக்கு” என்றது நரி.

“இவங்க பழைய ஆல்பம் மாதிரி வரல” என்று கழுதைப்புலி பெருமூச்சு விட்டது. இதுதான் முதல் ஆல்பம் என்று அதற்கு யார் சொல்வது?

விமர்சகர் ஆந்தை கேட்கவேயில்லை. கேட்காமலே 'புதுமை போதாது' என்று எழுதிவிட்டது.

கரடிக்கு அழுகை முட்டியது. பரணிலிருந்து தேன்குடத்தை இறக்கித் துடைத்தது.

அப்போது ஒரு மான் எழுதியது: “அந்தப் பெரிய பாட்டு நடுவுல ஒரு அலறல் வருது பாருங்க. அழுதுட்டேன். என் வாழ்க்கையோட மொத்த வலியும் அதுல இருக்கு.”

உடனே காடே அழுதது. “அந்த அலறலைத்தானே நான் அன்றைக்கே சொன்னேன்” என்றது ஆந்தை.

கரடி மட்டும் திருதிருவென்று விழித்தது. ஒலிப்பதிவின்போது முள்ளம்பன்றி உற்சாகத்தில் சிலிர்க்க, ஒரு முள் கரடியின் பின்புறத்தில் ஏறியிருந்தது. அந்த அலறலை வெட்டச் சொல்லியும் முள்ளம்பன்றி மறந்து தொலைத்திருந்தது.

மச்சான் விடவில்லை. “ரெக்கார்டிங்ல யார் வேணா அலறலாம் மாப்ளே. மேடையில அலறு பார்ப்போம்.”

“அண்ணன் சொல்றது நியாயம்தானே?” என்றது மனைவி.

குளக்கரையில் கச்சேரி. பத்தொன்பது நிமிடத்தையும் கரடி பிசகாமல் வாசித்தது. ஒருவரும் கைதட்டவில்லை. “அலறல்! அலறல்!” என்று கூட்டம் கத்தியது. கரடி தொண்டை கிழிய அலறிப் பார்த்தது.

“உயிரே இல்லை” என்று ஆந்தை கொட்டாவி விட்டது. ஓரமாக நின்ற மச்சான், காலிக் குடத்தைத் தட்டிக்காட்டிச் சிரித்தது.

முள்ளம்பன்றி மெல்லச் சொன்னது: “அண்ணே, கொஞ்சம் பின்னால தள்ளி உட்காருங்க.”

கரடி முதல் வரிசையிலிருந்த மனைவியைப் பார்த்தது. குடத்தைப் பார்த்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு பின்னால் தள்ளி உட்கார்ந்தது.

நீதி: தாளம் பழகி நேரத்தை வீணாக்காதீர்கள். நல்ல முள்ளம்பன்றியாகப் பார்த்துக் கூட வைத்துக்கொண்டால், உங்கள் வலியைக் காடே கைதட்டி ரசிக்கும்.