முருகனுக்கு ஒரு சின்ன உதவி

மகளைக் கோலாலம்பூருக்கு அனுப்பாமல் இருக்க ஹேமநாதன் வைத்திருந்த காரணங்கள் எல்லாம் வெள்ளிக்கிழமை காலையோடு தீர்ந்துபோயின.

லோஷினிக்கு சினிமாவும் டீவியும் படிக்க வேண்டும். இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று ஜொகூர் பாருவில். ரெங்கத்தில் இருக்கும் வீட்டுக்கு வாரா வாரம் வந்துவிடலாம். மற்றது கோலாலம்பூரில்.

"கேஎல்ல சொந்தமா ஸ்டூடியோ இருக்குப்பா. ஜேபில ரெண்டே கேமராதான்லா."

"ரெண்டுக்கு மேல எதுக்கு? உனக்குக் கண்ணே ரெண்டுதான்."

தங்குமிடம் பாதுகாப்பில்லை என்றார். கோலாலம்பூரில் இருக்கும் மனைவியின் தங்கை பிரவீனா, தன் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது என்றாள். சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்றார். பிரவீனா தான் வைத்த மீன் குழம்பைப் படம் எடுத்து அனுப்பினாள். ஹேமநாதனுக்கே பசித்துவிட்டது.

உண்மைக் காரணத்தை மட்டும் அவர் சொல்லவில்லை. பள்ளி வேன் ஓட்டி ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் வீடு சேர்க்கிறவருக்கு, தன் பிள்ளை இல்லாத வீட்டுக்குள் நுழையப் பயம்.

"சரி, பூக்கட்டிப் பார்த்துருவோம். வெள்ளை வந்தா ஜேபி, செவப்பு வந்தா கேஎல். முருகன் சொல்றதுதான்."

"அப்புறம் பேச்சு மாறக்கூடாதுங்க," என்றாள் மனைவி தேன்மொழி.

"சாமி விஷயத்துல மாறுவேனா?"

கோயில் வாசலில் ஓரமாக நின்று, இரண்டு வாழையிலைத் துண்டுகளிலும் மல்லிகையையே வைத்து மடித்து, நூலால் கட்டி அர்ச்சனைத் தட்டில் வைத்தார். அதை ஏமாற்று என்று அவர் நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முருகனுக்கு ஆயிரம் வேலை. யோசிக்கிற சிரமத்தைக் குறைத்துக் கொடுத்தால் அது புண்ணியம்தானே?

குருக்கள் தட்டை வாங்கிப் போய், மற்றவர்களின் தட்டுகளோடு சந்நிதியில் வைத்து தீபாராதனை காட்டினார். திரும்பக் கொண்டுவந்து நீட்டினார். ஹேமநாதன் கண்களை மூடி, முகத்தில் பக்தியை வரவழைத்துக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்து மகளிடம் கொடுத்தார். லோஷினி பிரித்தாள்.

சிவப்பு அரளி.

"அலமாக்! இருக்கவே முடியாது! இன்னொன்னையும் பிரி!"

பிரித்தாள். அதுவும் சிவப்பு.

தேன்மொழியின் முகம் மாறியது. "ரெண்டும் செவப்பா? லோஷினி, நீயா மாத்துன?"

"சத்தியமா நான் தொடவே இல்லம்மா!"

"முருகன்கிட்டயே விளையாடுறியா? கேஎல் பேச்சே இனி வேணாம். அப்பா சொன்ன ஜேபிக்கே போ."

ஹேமநாதனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மூடிக்கொள்ள முயன்றும் பார்த்தார். ஆனால் செய்யாத தப்புக்குப் பிள்ளை சாமி முன்னால் தலைகுனிந்து நின்றாள். அவள் கண்ணீர் வாழையிலையில் சொட்டியது.

"அவளத் திட்டாத, தேனு. ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளை வச்சது நான்தான்."

"வெள்ளையா? அப்போ இந்தச் செவப்பு?"

மூவரும் மெல்லத் திரும்பி முருகனைப் பார்த்தார்கள். தீபத்தில் வேல் மின்னியது. ஹேமநாதனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தடாலென்று விழுந்து கும்பிட்டு எழுந்தார்.

"நீ இல்லாத வீட்ட நெனச்சுப் பயந்துட்டேம்மா. நீ கேஎல்லுக்கே போ. நானே வேன்ல கொண்டுபோய் விடுறேன். முருகன் மேல ஆணை, இனி மாத்திப் பேசமாட்டேன்!"

"வாரா வாரம் வந்துருவேன்பா," என்று லோஷினி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யோ, வாரா வாரம் அலையாத. ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை வந்தாப் போதும்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பெருந்தன்மையாகச் சொன்னார்.

மனம் லேசாகிவிட்டது. பெற்ற அருளைத் தனக்குள் வைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "எல்லாரும் வந்து பாருங்க! நான் கட்டுன வெள்ளைப் பூவ முருகன் செவப்பா மாத்திட்டாரு!"

மகன் கல்யாணத்துக்குப் பூக்கட்டிப் பார்க்க வந்திருந்த தனலெட்சுமி பதறியடித்து ஓடிவந்து, அவர் காதருகே கிசுகிசுத்தாள்:

"கத்தாதீங்கண்ணே, என் வீட்டுக்காரருக்குக் கேட்டுரும்... குருக்கள் தட்டை மாத்திக் குடுத்துட்டாரு, ரெண்டுலயும் செவப்பு வச்சுக் கட்டுனது நான்!"