செம்பருத்திப் பாடமும் பாண்டுரங்கன் சவுண்ட் சர்வீசும்

ஒரகடம் அருகே
16-3-1991

ஆண்டு மலர் ஆசிரியரும் கல்வித் தொழில்நுட்ப விரிவுரையாளருமாகிய, பெருமதிப்பிற்குரிய ஜெபமணி ஐயா அவர்களின் திருமுன்னர், இரண்டாமாண்டுப் பயிற்சி மாணவன் மு. செந்தமிழன் இரு கரம் கூப்பி வரையும் மடல்.

வணக்கம். இங்கு நான் நலம் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். தாங்களும் தங்கள் துணைவியாரும், அச்சகத்தில் கிடக்கும் ஆண்டு மலரும் நலமாயிருக்க வேண்டும் என்பது மட்டும் மெய்யான விருப்பம். ‘வகுப்பறையில் நவீனக் கருவிகளைப் பொறுப்புடன் பயன்படுத்துதல்: ஒரு வருங்கால ஆசிரியரின் கருத்துகள்’ என்னும் தலைப்பில் நான்கு பக்கத்துக்கு மிகாமல் கட்டுரை கேட்டிருந்தீர்கள். எழுத உட்கார்ந்தேன். ‘வருங்கால ஆசிரியர்’ என்று எழுதியதுமே பேனா நின்றுவிட்டது. ஏனெனில் நான் வருங்கால ஆசிரியரா இல்லையா என்பதே இப்போது தங்கள் கையில்தான் இருக்கிறது. கடந்த செவ்வாயன்று நடந்த செய்முறைத் தேர்வில் என் முடிவை நிறுத்தி வைத்துவிட்டார்கள். ‘இவருக்கு மறுதேர்வு தரலாம்’ என்று தாங்கள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பிழைப்பேன். இல்லையேல் இரண்டு வருடப் படிப்பும் போச்சு. ஆகவே இதையே கட்டுரையாகவும், மன்னிப்புக் கடிதமாகவும், மறுதேர்வு விண்ணப்பமாகவும் ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். எனக்குப் பயிற்சிக்காக ஒதுக்கிய பள்ளிக்கூடம் வடக்குப்பட்டு தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரே நீளக் கூடம். கிழக்கே மூன்றாம் வகுப்பு, மேற்கே நான்காம் வகுப்பு, நடுவில் என் ஐந்தாம் வகுப்பு. நடுவில் தடுப்புச் சுவர் கிடையாது. நான் ‘தாவரம்’ என்று சொன்னால் கிழக்கேயிருந்து ‘ஈரெட்டு பதினாறு’ என்று பதில் வரும். நாற்பது நாள் கத்திக் கத்தி, தேர்வுக்கு முந்தின நாள் என் தொண்டை சுத்தமாகக் கட்டிக்கொண்டது. வெந்நீர், மிளகு, பனங்கற்கண்டு, எதற்கும் மசியவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அந்த வேளையில்தான் தங்கள் பொன்னான வகுப்பு நினைவுக்கு வந்தது. நவீனக் கருவி பயன்படுத்தும் மாணவருக்குப் பத்து மதிப்பெண் தனி என்று தாங்கள்தானே ஐயா சொன்னீர்கள்? மற்றவர்கள் அட்டையில் படம் வரைந்து மாட்டினார்கள். நான் மைக் வைக்கலாம் என்று முடிவு செய்தேன். இதில் தங்கள் குற்றம் எதுவும் இல்லை என்பதை இங்கே அழுத்தமாகப் பதிவு செய்கிறேன்.

படப்பையில் பாண்டுரங்கன் சவுண்ட் சர்வீஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒரு மைக், ஒரு சின்னப் பெட்டி ஸ்பீக்கர், வகுப்புக்குள்ள கேட்டால் போதும்னு காகிதத்துல எழுதிக் காட்டினேன். பாண்டுரங்கன் அதைப் படிச்சிட்டு என்னைப் பார்த்தார் பாருங்க ஐயா, அப்படி ஒரு பரிதாபப் பார்வை! “இன்னா சார், பொட்டியா? அது வூட்டுக்குள்ள பாட்டு கேக்கறதுக்கு. மைக் செட்டுன்னா மரத்துல ஏத்தணும் சார். என் தொழிலுக்கு ஒரு மரியாத கீதுல்ல?” என்றார். நான் வேண்டாம்னு தலையை ஆட்டினேன். அவர் அதை ஆமாம்னு எடுத்துகிட்டார். செவ்வாய்க்கிழமை காலையில நான் போறப்போ பள்ளிக்கூடத்து வேப்ப மரத்துல ரெண்டு குழாய் ஸ்பீக்கர், ஒண்ணு கிழக்கு பார்த்து, ஒண்ணு மேற்கு பார்த்து. லாரி பேட்டரி, ஆம்ப்ளிஃபையர், அதும் பக்கத்துல ஸ்டூல் போட்டுகினு பாண்டுரங்கன். பாடம் நடத்தப் போறவன் நான், ஆனா சுவிட்ச் அவர் கையில. கட்டுரைக்காக என் முதல் கருத்தை இங்கேயே எழுதிடறேன்: எந்தக் கருவியைக் கொண்டுவந்தாலும் அதை நிறுத்துற சுவிட்ச் வாத்தியார் கையில இருக்கணும். மத்தது எல்லாம் அப்புறம்.

எட்டரைக்கு அவர் சாமி பாட்டு போட்டார். முதல்ல சாமி பாட்டு போடாம மைக்கைத் தொடமாட்டாராம், அது அவங்க அப்பா காலத்து வழக்கமாம். அது முடிஞ்சதும் ஹலோ ஹலோ, ஒன் டூ த்ரீ எல்லாம் ஆச்சு. அப்புறம் விழாவோட பேரைச் சொல்லணும் இல்லையா? இது இன்னா விழான்னு அவருக்குத் தெரியாது. தெரியலைன்னா கம்முனு இருக்கலாமில்ல? “நமது செந்தமிழன் வாத்தியார் அவர்களின் இனிய விழாவுக்கு வருகை தரும் அனைவரையும் வருக வருக என வரவேற்பது, ஒலி அமைப்பு, பாண்டுரங்கன் சவுண்ட் சர்வீஸ், படப்பை!” அப்படீன்னு நாலு தரம் சொன்னார். கிழக்கால ஒரு ஊரு, மேற்கால ஒரு ஊரு, ரெண்டுக்கும் கேட்டுச்சு.

இப்போ அந்த ஊர்க்காரங்க இடத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க ஐயா. அவங்க மேல தப்பே சொல்ல முடியாது. மரத்துல குழாய் கட்டியாச்சு, சாமி பாட்டு போட்டாச்சு. கல்யாணம் ஆகாத வாத்தியார் வெள்ளை வேட்டி, புதுச் சட்டையோட நிக்கிறான். அன்னிக்குப் பாடம் ‘பூவின் பாகங்கள்’, அதனால பிள்ளைக்கு ஒண்ணுன்னு நாற்பத்தஞ்சு செம்பருத்திப் பூவைப் பெரிய தட்டுல அடுக்கி மேசை மேல வெச்சிருக்கேன். பத்து மணிக்கு ஒரு ஜீப் வருது. அதுலேர்ந்து தலைமைத் தேர்வாளர் ரத்தினம் ஐயாவும், கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி அம்மாவும் இறங்கறாங்க. பொண்ணு வூட்டுக்காரங்க மாப்பிள்ளை பார்க்க வந்துட்டாங்கன்னு ஊரே முடிவு கட்டிடுச்சு. சத்துணவு சமைக்கிற ஞானம்மா ஓடி வந்து தட்டைப் பார்த்துட்டு, “ஐயய்யே, செம்பருத்தியா வெப்பாங்க? விவரம் தெரியாத புள்ள!”ன்னு திட்டிட்டு, ஆள் அனுப்பி நாலு முழம் மல்லி வாங்கியாரச் சொல்லி அது மேல போட்டாங்க. ரத்தினம் ஐயா கழுத்துல மாலை விழுந்துச்சு. அந்த அம்மாவுக்குக் குங்குமம், வாழைப்பழம், வெத்தலை பாக்கு. பயிற்சிப் பள்ளிக்கு ஊர் மக்கள் இவ்ளோ மரியாதை குடுக்கறாங்களேன்னு அவங்களும் சந்தோசமா வாங்கிகிட்டாங்க.

நான் பாடத்தை ஆரம்பிச்சேன் ஐயா. சத்தியமா ஆரம்பிச்சேன். மைக்குல என் காத்துக் குரல்கூட நல்லா எடுபட்டுச்சு. புல்லி வட்டம், அல்லி வட்டம், மகரந்தத் தாள் வரைக்கும் போயாச்சு. மூணாங்கிளாஸ்கூட வாய்ப்பாட்டை நிறுத்திட்டு என் பக்கம் திரும்பி உக்காந்துச்சு. அந்த ஆறு நிமிசம் நான் நிஜமான வாத்தியாரா இருந்தேன். ஏழாவது நிமிசத்துல ரத்தினம் ஐயா, “போதும். சமுதாயத் தொடர்புக்கு மதிப்பெண் இருக்கிறது; ஊர்க்காரர்களிடம் இவரைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்போம்” என்றார். அவ்ளோதான், பாண்டுரங்கன் எழுந்து வந்து என் கையிலேர்ந்து மைக்கைப் பிடுங்கி ஞானம்மா கையில குடுத்துட்டார்.

ஞானம்மாவுக்கு என் மேல பிரியம் ஜாஸ்தி. அப்பா அம்மா பக்கத்துல இல்லாத புள்ள, நாமதான் எடுத்துச் சொல்லணும்னு நெனச்சிருக்காங்க. “தங்கமான புள்ளங்க. வாயே தொறக்காது. கிளாசுலகூட அது கொரல நான் கேட்டதில்ல. சாப்பாட்டுல ஒரு குத்தம் சொல்லாது, புள்ளைங்களுக்கு வடிச்ச சோத்தயே ரெண்டு தட்டு துன்னுட்டு செவுத்துல சாஞ்சிகினு கண்ண மூடிக்கும். அவ்ளோ சாது!” அதிகாரி அம்மா பேனாவைத் திறந்து எழுத ஆரம்பிச்சாங்க. அடுத்தது டீக்கடை மாரி. “பொண்ணு கண் கலங்காம பாத்துக்குவாருங்க. ரெண்டு மணிக்கெல்லாம் எங்கடையாண்ட வந்துடுவாரு, டைமுக்கு வூடு திரும்புற ஆளு. குடி கெடையாது, சீட்டு கெடையாது, கேரம் போர்டு ஒண்ணுதான். வாத்தியார் வேலை ஆச்சேன்னு கவலைப்படாதீங்க! மறைமலை நகர் கம்பெனில அப்ளிகேசன் போட்டுகீறாரு. கெடச்சா இத வுட்டுட்டு லைனுக்குப் பூடுவாரு. ஷிப்டு, ஓவர்டைமு, கேன்டீன், ராஜா மாதிரி வெச்சுப்பாரு!” ஊரே கை தட்டுச்சு. கடைசியா என் ஐந்தாம் வகுப்பைக் கேட்டாங்க, சார் அடிப்பாரான்னு. நாற்பத்தஞ்சும் ஒரே குரல்ல, “அடிக்க மாட்டாரு சார்! எழுப்புனாகூட திட்ட மாட்டாரு!” இதுக்கு நடுவுல ஞானம்மா, “பொண்ணு இன்னா படிச்சிகீது?”ன்னு கேட்டாங்க. ரத்தினம் ஐயா, ஏதோ ஊர் நலம் விசாரிக்கிறாங்கன்னு நெனச்சு, “மூத்தவள் பி.காம்., மணிமங்கலம் தபால் ஆபீசில் இருக்கிறாள்” என்றார். உடனே பாண்டுரங்கன் நாதஸ்வர ரெக்கார்டைப் போட்டுட்டார்.

நான் அவ்வளவு நேரமும் பேசிகிட்டுதான் இருந்தேன் ஐயா. ‘பொய், பொய்’னு தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தர் காதுலயும் விழலை. கட்டுரைக்கு இது ரெண்டாவது கருத்து: மைக் யார் கையில இருக்கோ அவர் சொல்றதுதான் உண்மைன்னு ஆயிடும். அதனால கருவியைக் கொண்டுவர்றவன், அது இல்லாமலும் பேசுறதுக்குத் தொண்டையை மிச்சம் வெச்சிருக்கணும்.

ஊர் சொன்னது அத்தனையும் பொய் என்று தங்கள் முன் உறுதி கூறுகிறேன். வகுப்பில் தூங்கியது ஒரே ஒரு நாள், அதுவும் பிள்ளைகளுக்கு மௌன வாசிப்பு கொடுத்தபோது, நானும் உடன் மௌனமாக இருந்தேன், அவ்வளவே. ரெண்டு மணிக்கு டீக்கடைக்குப் போனது சமுதாயத் தொடர்புக்காக. கேரம் போர்டில் கோணங்களைப் பற்றிக் கற்பிக்கலாமா என்று ஆராய்ந்தேன். மறைமலை நகர் அப்ளிகேஷன் என் மாமா பூர்த்தி செய்தது. கையெழுத்து மட்டும்தான் என்னுடையது. ஊர் மக்கள் மனசு நிறைஞ்சு சொன்ன பொய் ஐயா இது, மாப்பிள்ளைக்காகச் சொன்னது. அதை வாத்தியாருக்கு மார்க் போடுற நோட்டுல ஏத்திட்டாங்க.

மறுநாள் காலையில மூஞ்சியைத் தொங்கப் போட்டுகினு உக்காந்திருந்தேன். ஞானம்மா முந்தானையில மூடி ரெண்டு பூசணிப் பூ எடுத்தாந்தாங்க. “நேத்து நீ சொன்னியே, தாளு, தூளுன்னு. எங்க வூட்டுக் கொடியில நூறு பூ பூக்குது, பத்து காய்கூட நிக்கல. இதுல எதுப்பா காய்க்கிற பூவு?”ன்னு கேட்டாங்க. அடியில குட்டிக் காய் மாதிரி உருண்டு இருக்கிற பூவைக் காட்டி, இதுதான் பெண் பூ, அந்த ஆண் பூவைக் கிள்ளி இதுக்குள்ள தொட்டு வைங்கன்னு சைகையாலேயே சொன்னேன். நாற்பது நாள்ல என்கிட்ட ஒருத்தர் பாடத்துல கேள்வி கேட்டது அதுதான் முதல் தரம். எனக்கு அழுகை வந்துடுச்சு ஐயா. கம்பெனி வேண்டாம், ஓவர்டைம் வேண்டாம், எனக்கு வாத்தியார் வேலைதான் வேணும். அந்த ஒரு வரியை எழுதிக் குடுத்துடுங்க. இனிமே என் வகுப்புல சாக்பீஸைத் தவிர வேற எந்தக் கருவியும் நுழையாது. ரத்தினம் ஐயா விசாரிக்க வந்தால், ஊரார் கூற்று அனைத்தும் பொய், செந்தமிழன் வகுப்பில் ஓயாது பேசுபவன், மாலை ஐந்து மணி வரை பள்ளியை விட்டு நகராதவன் என்று திட்டவட்டமாகச் சொல்லும்படி தாள் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் இல்லத்தில் எல்லா வளமும் பெருகட்டும். ஆண்டு மலர் பிழையின்றி வெளிவரட்டும். தங்கள் கைப் பேனா என் பெயரருகே இரக்கத்தோடு இறங்கட்டும்.

இங்ஙனம்,
தங்கள் பணிவார்ந்த மாணவன்,
மு. செந்தமிழன்

பின்குறிப்பு: இந்த உறையை ஒட்டப் போற நேரத்துல ரத்தினம் ஐயாகிட்டேருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கு. ‘எத்தனையோ வரன் பார்த்தேன், ஒரு ஊரே திரண்டு நல்லவன் என்று சாட்சி சொன்ன பிள்ளையைப் பார்த்ததில்லை. என் மகள் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். வாயே திறக்காத, சாப்பாட்டில் குறை சொல்லாத, இரண்டு மணிக்கு வீடு திரும்புகிற மாப்பிள்ளையைத்தான் தேடிக்கொண்டிருந்தோம். ஊரார் சொன்னதெல்லாம் உண்மைதானா என்று உங்கள் விரிவுரையாளர் ஜெபமணி அவர்களை வெள்ளிக்கிழமை நேரில் கண்டு கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதி, பெண்ணோட போட்டோவும் வெச்சிருக்கார். பார்த்தேன் ஐயா. இன்னொரு தரமும் பார்த்தேன். ஆகவே மேலே எழுதியதில் ஒரு சிறு திருத்தம்: ஊரார் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனா மறுதேர்வு நடத்தப் போறதும் ரத்தினம் ஐயாதானாம், அதையும் அதே வெள்ளிக்கிழமைதான் உங்ககிட்ட விசாரிப்பாராம். அதனால வாசல்லயே அவர் கையைக் கொஞ்சம் கவனிங்க. ஃபைலோட வந்தா நான் வாயாடி, அஞ்சு மணி வரைக்கும் பள்ளிக்கூடத்துலயே கிடப்பேன். பழத்தட்டோட வந்தா நான் ஊமை, ரெண்டு மணிக்கெல்லாம் வூட்டுல இருப்பேன். ரெண்டையும் தூக்கிகினு வந்துட்டார்னா, ஐயா, ஒண்ணும் சொல்லாதீங்க, காபி மேல காபியா குடுத்துகினே இருங்க, நான் அடுத்த பஸ்ஸைப் புடிச்சு வந்துடறேன்.