அத்தை கல்லூரிக்குப் போகிறாள்

"காலையில பத்து மணிக்கா?" என்று அத்தை தொலைபேசியில் கத்திய கத்தலில், பாயில் தூங்கிக்கொண்டிருந்த ஐந்து குழந்தைகளில் மூன்று எழுந்து உட்கார்ந்துவிட்டன.

மறுமுனையில் கல்லூரி கிளார்க் அசரவில்லை. "ஆமாம்மா. வாராவாரம் புதன்கிழமை. பத்து மணிக்கு உள்ள வந்துடணும்."

"ஏங்க, வீட்ல பிள்ளைங்களைப் பாத்துக்கிறவங்களுக்குன்னே நடத்துற வகுப்பு. பத்து மணிக்குப் பிள்ளைங்க எங்க இருக்கும்? எங்ககிட்டதானே இருக்கும்? ராத்திரியிலயா கொண்டாந்து விடுறாங்க?"

"மேடத்துக்கு அந்த நேரம்தான் ஒத்து வரும்."

"மேடத்துக்கு ஒத்து வரும். எனக்கு?"

"நீங்க மாணவிம்மா" என்று சொல்லிவிட்டு அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அத்தை என்றால் குறிப்பிட்ட யாருக்கோ அத்தை என்று நினைக்க வேண்டாம். அவள் பார்த்துக்கொள்ளும் குழந்தைகள் அத்தை என்றன. அவர்களைக் கொண்டுவந்து விடும் அப்பா அம்மாக்களும் அத்தை என்றார்கள். அவளைவிட மூத்தவரான தபால்காரரும் அத்தை என்றார். அந்த உறவுமுறையில் அவள் கணவர், கேட்காமலே ஊருக்கெல்லாம் மாமா ஆகிவிட்டார்.

இப்போது புதிதாக ஒரு சட்டம் வந்திருந்தது. வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் கல்லூரிக்குப் போய்க் குழந்தை வளர்ப்பு படித்துத் தேற வேண்டும். இல்லாவிட்டால் உரிமம் பறிபோகும். எத்தனையோ பிள்ளைகளுக்கு நடக்கவும் பேசவும் மூக்கைச் சிந்தவும் சொல்லிக் கொடுத்த பெண்மணியைப் பார்த்து, நீ முதலில் படித்துவிட்டு வா என்றால் கோபம் வருமா வராதா? வந்தது. ஆனாலும் படிக்கத் தயாரானாள்.

கட்டணத்தைக் கேட்டதும் மாமா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். நல்ல வேளையாக அரசாங்கமே உதவித்தொகை தருவதாகச் சொன்னது. நிபந்தனை, முதல் வகுப்புக்கு வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் உதவி ரத்து. முழுக் கட்டணத்தையும் கையிலிருந்து கட்ட வேண்டும். கையில் இருந்தால்தானே கட்டுவதற்கு!

"இதுக்கா இவ்வளவு கூச்சல்? புதன்கிழமை நான் பாத்துக்கறேன். என்ன, மலையையா புரட்டணும்?" என்றார் மாமா. அவருக்கு அச்சகத்தில் மாலை நேர வேலை. பகலெல்லாம் வீட்டில்தான்.

தான் இத்தனை வருஷமாகச் செய்யும் வேலையைப் பற்றி இப்படி ஒரு கருத்து வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது என்பது அத்தைக்கு அன்றுதான் தெரிந்தது. பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் வேறு வழியில்லை. "நாளைக்கு நான் சான்றிதழ் கொடுக்கக் காலேஜுக்குப் போறேன். ஒரு மணி நேரம் பாருங்க. அப்புறம் மலையைப் பத்திப் பேசலாம்" என்றாள்.

மறுநாள் மாமா உற்சாகமாகக் கண்ணாமூச்சி ஆரம்பித்தார். தான் ஒளிந்துகொள்வதாகவும் குழந்தைகள் கண்டுபிடிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, படுக்கையறை அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். குழந்தைகள் தங்களுக்குத் தெரிந்த எண்களை எண்ணினார்கள். அது சீக்கிரமே முடிந்துவிட்டது. பிறகு மாமா என்று ஒருவர் இருந்ததையே மறந்துவிட்டார்கள். யாராலும் தன்னைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற பெருமிதத்தில், மடித்து வைத்த போர்வைகளின் மேல் மாமா அப்படியே கண்ணயர்ந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் உதவித்தொகை அதிகாரி வந்து கதவைத் தட்டினார். அத்தை உண்மையிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாளா என்று நேரில் பார்த்து எழுத வேண்டுமாம்.

எட்டிக் கதவைத் திறந்தவன் மந்திரி. எப்போதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் நிதானமாகப் பேசும் நான்கு வயதுக்காரன். அதனால் அந்தப் பட்டப்பெயர்.

"வீட்ல பெரியவங்க யாருப்பா இருக்காங்க?"

"நான்தான்" என்றான் மந்திரி.

"அத்தை இல்லையா?"

"அத்தை காலேஜ் போயிட்டாங்க. மாமா இருந்தாரு. காணாம போயிட்டாரு."

மந்திரிக்குப் பின்னால், ஐவரில் சிறியவனான சண்டியர் மாவு டப்பாவுக்குள் இறங்கி நின்று, மற்றவர்கள் மேல் மாவை வாரி இறைத்துக்கொண்டிருந்தான். பல் முளைத்த நாளிலிருந்து அகப்பட்டவர்களையெல்லாம் கடித்துவந்ததால் அவனுக்கு அந்தப் பெயர்.

அத்தை திரும்பி வந்தபோது, அதிகாரி, குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்து, சண்டியரின் வாயிலிருந்து தன் விரலை மீட்டுக்கொண்டிருந்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் படுக்கையறையிலிருந்து கண்ணைக் கசக்கியபடி மாமா வந்தார்.

"பாத்தியா, ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியலை!" என்றார்.

அதன் பலன் உடனே தெரிந்தது. அத்தை இல்லாதபோது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள, முறையான மாற்று ஆள் இல்லாமல் அவள் வீட்டை விட்டு நகரக்கூடாது, மீறினால் உரிமம் ரத்து என்று உத்தரவு வந்தது. அதை எடுத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை சாயந்திரம் பிள்ளைகள் போன கையோடு அத்தை அந்த அதிகாரியின் அலுவலகத்துக்கே போனாள்.

"முறையான ஆள்னா யாரு சார்?"

"இந்தக் குழந்தை வளர்ப்புப் படிப்பை முடிச்சவங்க."

"அந்தப் படிப்பை முடிக்கத்தான் சார் நான் ஆள் தேடறேன்!"

"முடிச்சவங்களாப் பாத்துத் தேடுங்க."

"இப்பத்தானே சட்டமே வந்திருக்கு. இன்னும் ஒருத்தர்கூட முடிக்கலையே?"

"அதுக்கு நாங்க என்னம்மா பண்றது? அது கல்லூரி விவகாரம்."

அத்தைக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. "அப்ப உங்க பணத்துல படிக்கணும்னா நான் வகுப்புக்குப் போகணும். வகுப்புக்குப் போனா உரிமம் போயிடும். உரிமம் போயிட்டா படிப்பே தேவையில்லை. சார், இதை உக்காந்து யோசிச்சீங்களா, இல்லை தானா வந்துச்சா?"

அதிகாரிக்கும் மனசாட்சி என்று ஒன்று இருந்தது. கட்டுப்போட்ட விரலைத் தடவிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கும்மா. நாளைக்கு ஒரு நாள் மொத்தமா மூடிடுங்க. பிள்ளைங்க இல்லைன்னா மாற்று ஆளே தேவையில்லை. உடம்பு சரியில்லைன்னு எழுதிக் கொடுங்க."

"என் உடம்புக்கு ஒண்ணுமில்லையே."

"இன்னும் ரெண்டு தடவை இங்க வந்தீங்கன்னா தானா வரும்."

எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அத்தை, உடம்பு சரியில்லை, நாளைக்குப் பிள்ளைகளைக் கொண்டுவர வேண்டாம் என்று அன்று இரவே ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் தகவல் சொன்னாள். ஒவ்வொரு வீட்டிலும் இடி விழுந்தது. மந்திரியின் அம்மா அழுதேவிட்டாள். "முன்னாடியே சொல்லக்கூடாதா அத்தை?" என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். யாருமே, அத்தை, உங்களுக்கு என்ன உடம்புக்கு என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை. பொய்தான் என்றாலும் கேட்டிருக்கலாம். அது அவளுக்கு மிகவும் வலித்தது.

சொல்லியும் கேட்காமல், புதன்கிழமை காலையில் சண்டியரைத் தூக்கிக்கொண்டு அவன் அப்பா வந்து நின்றார். சாது. சண்டியரைச் சேர்த்ததும் அவர்தான், தினமும் கொண்டுவந்து விடுவதும் கூட்டிப்போவதும் அவர்தான்.

"அத்தை, தயவுபண்ணுங்க. எனக்கு இன்னிக்கு ஆபீஸ்ல தணிக்கை. அவளுக்கும் முக்கியமான வேலை. ரெண்டு பேராலயும் லீவு போட முடியாது."

இத்தனை நாள் கிளார்க்கிடமும் அதிகாரியிடமும் விழுங்கிய கோபமெல்லாம் அந்த அப்பாவி தலையில் இறங்கியது.

"உங்களுக்கு முக்கியமான வேலை, அவங்களுக்கு முக்கியமான வேலை. எனக்கு மட்டும் அப்படி ஒண்ணு இருக்கவே கூடாதா? நீங்க லீவு போடாம இருக்கணும்னு நான் காய்ச்சல்லகூடக் கதவைத் திறந்து வெச்சிருக்கேன். உங்க வீட்டம்மா ஒரே ஒரு நாள் லீவு போட்டா வானமா இடிஞ்சு விழுந்துடும்?"

சண்டியர் அவளை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினான். பார்த்தால் மனசு இளகிவிடும் என்று அத்தைக்குத் தெரியும். பார்க்காமலே கதவைச் சாத்தினாள்.

பேருந்தில் போகும்போது, அந்த மேடத்திடம் பேச வேண்டியதை வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்தாள். இன்றைக்கு எப்படியோ சமாளித்தாகிவிட்டது. வாராவாரம் உடம்பு சரியில்லாமல் போக முடியுமா? வகுப்பை விடுமுறை நாளுக்கு மாற்றச் சொல்லியே ஆக வேண்டும். 'மேடம், பிள்ளையைப் பாத்துக்கிறவ ஒரு நாள் இல்லைன்னா ஒரு வீடு என்ன பாடுபடும்னு உங்களுக்குத் தெரியுமா? புத்தகத்துல அதெல்லாம் போட்டிருக்காது' என்ற இடம் அவளுக்கே மிகவும் பிடித்திருந்தது. இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

வகுப்பறை நிரம்பியிருந்தது. எல்லோரும் அவளைப் போன்றவர்கள். ஒருத்தியின் தோளில் குழந்தை துப்பிய பால் இன்னும் காயவில்லை. இன்னொருத்தி பேனா எடுக்கப் பையைத் திறந்தால் கிலுகிலுப்பை வந்தது. எல்லோருமே ஒரே பொய்யை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். அத்தை தன் பேச்சை அவர்களிடம் சொல்லிக் காட்டியதும் கைதட்டல் எழுந்தது.

"நீங்களே எழுந்து கேளுங்கக்கா. நாங்க பின்னாடி நிக்கறோம்" என்றார்கள்.

அத்தை முதல் பெஞ்சில் நடுவாக உட்கார்ந்தாள். பத்து மணி ஆயிற்று. பத்தேகால் ஆயிற்று. பதினொன்றை நெருங்கும்போது கல்லூரிப் பியூன் வந்து, பலகையைத் துடைத்துவிட்டு மின்விசிறியை நிறுத்தினார்.

"எல்லாரும் கிளம்புங்கம்மா. வகுப்பு கிடையாது. மேடம் லீவு."

அத்தை துள்ளி எழுந்தாள். "லீவா? இத்தனை பேர் தொழிலை மூடிட்டு, பொய் சொல்லி, பெத்தவங்க வாயில விழுந்து வந்து உக்காந்திருக்கோம். முதல் நாளே லீவா? அப்படி என்ன தலை போற காரியம் உங்க மேடத்துக்கு?"

"அவங்களைத் திட்டாதீங்கம்மா, பாவம்" என்றார் பியூன். "கிளம்பித் தயாரா நின்னவங்கதான், ஆனா அவங்க பையனைப் பாத்துக்கிற அத்தை, 'உங்க வீட்டம்மா ஒரே ஒரு நாள் லீவு போட்டா வானமா இடிஞ்சு விழுந்துடும்'னு அவங்க வீட்டுக்காரர் மூஞ்சியிலயே கதவைச் சாத்திட்டாளாம்."