கொண்டையில் தொடங்கிய தலைக்கட்டு

ரத்தினம் அக்கா பொய் சொல்கிறாள். காயத்துக்குத் தலைக்கட்டுப் போடத் தெரியாமல் எங்கள் தொண்டுப் படையின் மானத்தை நான் வாங்கிவிட்டேனாம். இருபது வருஷமாகப் பாளையங்கோட்டை முழுக்க இதைச் சொல்லித் திரிகிறாள். எனக்குக் கட்டுப் போடச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

ஜெர்மன் சண்டை நடந்த சமயம். காயம்பட்ட சிப்பாய்களுக்குத் தொண்டு செய்ய எங்கள் கிறிஸ்தவ சபைப் பெண்கள் பன்னிரண்டு பேர் படையாகச் சேர்ந்தோம். (படை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஆளுக்கொரு வெள்ளைப் புடவை, கையில் துணிச்சுருள், அவ்வளவுதான்.) ரத்தினம் அக்கா தலைவி. கட்டுப் போடும் பரீட்சையில் முதலாவதாக வருகிறவளைச் சென்னை ராணுவ ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். பக்கத்து வண்ணார்பேட்டைக்கு அப்பால் உலகத்தைப் பார்க்காத நான், பரீட்சைக்கு முன்பே பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன்.

ஆண்பிள்ளைகளைத் தொட்டுப் பழகக் கூடாதென்று ஒருத்தி தலையில் ஒருத்தி கட்டிப் பழகினோம்.

"துணிய மொதல்ல கொண்டையில ரெண்டு சுத்து சுத்துளா. பெறவு நெத்திக்குக் கொண்டா. அசையாது" என்பாள் அக்கா.

அசையவில்லைதான். பழகிய மூன்று மாதமும் நான்தான் கெட்டிக்காரி.

பரீட்சையன்று வெள்ளைக்கார டாக்டரும் சபையாரும் வந்து உட்கார்ந்தார்கள். காயம்பட்ட சிப்பாயாக, சபையில் பிரசங்கம் செய்கிற உபதேசியார் பெஞ்சில் படுத்திருந்தார். அவர் தலை துலக்கிக் கவிழ்த்த செம்பு.

பிடரியைத் தடவினேன். உச்சியைத் தடவினேன். இரண்டு பக்கமும் தடவினேன்.

"என்னம்மா தேடுத?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"கொண்டையத் தேடுதேன் ஐயா."

"முடி போயே பத்து வருசமாச்சு. கொண்டைக்கு நான் எங்கன போவேன்?"

சரியென்று மொட்டை மண்டையிலேயே சுற்றினேன். கட்டு வழுக்கிக் கண்ணை மூடியது. அதன்மேல் சுற்றினேன், மூக்குக்கு வந்தது. வெறி பிடித்து இறுக்கி இழுத்தேன். மொத்தமும் கழுத்தில் இறங்கி மாட்டிக்கொண்டது.

"எம்மா, விட்டுரு! ஜெர்மன்காரனே தேவலாம்!" என்று அலறி எழுந்து, துணி வால் போலத் தரையில் புரள வெளியே ஓடினார் உபதேசியார்.

"நான் இப்பிடியா சொல்லிக்குடுத்தேன்?" என்றாள் அக்கா, எல்லார் முன்னிலையிலும்.

அடுத்து வந்தவள் அக்காவுடைய தங்கை மகள். அவளுக்குச் சிப்பாயாகப் படுத்தவர் சமையல்காரர் சுப்பையா. அவருக்குக் குடுமி இருந்தது. சென்னைக்கு அவள் போனாள். நான் பெட்டியை அவிழ்த்தேன்.

இன்றும் என் வீட்டுக்காரர் முடிவெட்டிக்கொண்டு வந்தால், "அம்மா பக்கம் போவாதீக அப்பா, கழுத்துக்கு ஆபத்து!" என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ரத்தினம் அக்கா சபை முன்னால் எழுந்து நிற்கட்டும். குடுமிக்காரரைத் தன் தங்கை மகளுக்கும் மொட்டைத்தலையரை எனக்கும் படுக்க வைத்தது யார்? வாயைத் திறந்து சொல்லட்டும்.