அருங்காட்சியகத்துக்குப் பெண் பார்த்த கதை

பார்க்காததைப் பார்த்துவிட்டேன் என்று சொல்லும் வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. நாலு பேர் ஒரு சினிமாவைப் பற்றிப் பேசினால் நானும் நடுவில் புகுந்து, இன்டர்வெல் சீன் பிரமாதம் என்பேன். (இடைவேளை எல்லாப் படத்திலும் வருமே, அந்த தைரியம்தான்.) இந்த வியாதி முற்றியிருந்த இருபத்தெட்டாவது வயதில்தான் என்னை எங்கள் மாவட்டக் கலை, மரபுக் குழுவுக்குச் செயலாளர் ஆக்கினார்கள்.

குழு என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். மொத்தம் நாலு பேர். தலைவர் வசந்தா மேடம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தால் பேரன் எடுத்தவர்கள்கூட எழுந்து நிற்பார்கள். அடுத்தவர் ரஹீம் பாய், தோல் வியாபாரி. பழைய பூட்டுகளைச் சேர்ப்பவர். வீடு நிறைய பூட்டு, ஒன்றுக்கும் சாவி கிடையாது. மூன்றாவது கோதண்டம் அண்ணன், தெருக்கூத்துக் கலைஞர். ராஜா வேஷம் கட்டிக் கட்டி, டீக்கடையில் சர்க்கரை கம்மியாகப் போடச் சொன்னால்கூட அது அரச கட்டளை மாதிரி இருக்கும். நாலாவது நான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் வேலை. பத்திரிகைகளுக்கு அடிக்கடி வாசகர் கடிதம் எழுதிக்கொண்டிருந்ததால் என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

மாவட்டத்துக்கு ஓர் அருங்காட்சியகம் அமைக்க வேண்டும், அதற்கு இடம் பார்த்துச் சொல்ல வேண்டும். இதுதான் குழுவின் முதல் வேலை. நாட்றம்பள்ளிப் பக்கம் ஒருவர் கட்டடம் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆம்பூரில் முனிரத்தினம் என்பவர், நூறு வருஷத்துக்கு மேலான தன் பூர்வீக வீட்டைத் தருவதாகக் கடிதம் எழுதியிருந்தார். எனக்கு அருங்காட்சியகம் ஆம்பூருக்குத்தான் வர வேண்டும் என்று வெறி. நீ முதலில் போய்ப் பார்த்துவிட்டு வா, தேறும் என்றால் எல்லோரும் போகலாம் என்றார் மேடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டுச் சற்றே படுத்தவள், எழுந்தபோது விளக்கு வைக்கும் நேரம். மறுநாள் மேடம் போனில் கேட்டார். பார்த்துவிட்டேன் மேடம், அருமையான வீடு என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "தேக்குத் தூணுங்க மேடம், கட்டிப் பிடிச்சா கை எட்டல" என்று சேர்த்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு காலை ரஹீம் பாயின் காரில் குழுவே கிளம்பியது. வழி தெரியுமா என்று பாய் கேட்டதற்கு, கண்ணைக் கட்டிவிட்டால்கூடப் போவேன் என்றேன். தெரு முனையில் தண்ணீர் பாட்டில் வாங்குகிற சாக்கில் இறங்கி, முனிரத்தினம் வீடு எது என்று கடைக்காரரிடம் ரகசியமாக விசாரித்தேன். பச்சை கேட்டைக் காட்டினார். இன்றைக்கு அங்கே யாரோ வருகிறார்களாம், காலையிலிருந்து ஒரே தடபுடல் என்றார். நம் குழுவுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குப் புல்லரித்தது.

வாசலில் பெரிய கோலம். வெள்ளை வேட்டி சட்டையில் முனிரத்தினம் ஓடிவந்தார். உங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம் என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். உள்ளே நுழைந்ததும் கண்ணால் தூணைத் தேடினேன். தரை பளபளவென்று புது டைல்ஸ். கூரையில் பள்ளம் பள்ளமாக வைத்து நீல விளக்கு போட்டிருந்தார்கள். மேடம் கண்ணாடியை இறக்கினார்.

"விமலா, தேக்குத் தூண் எங்க?"

"உள்ள இருக்குங்க மேடம்."

வேறு என்ன சொல்வேன்? ஏற்கெனவே வந்து பார்த்தவள் ஆயிற்றே.

இன்ஜினியர் வரவில்லையா என்று முனிரத்தினம் கேட்டார். கட்டடத்தின் உறுதியைச் சோதிக்க வேலூரிலிருந்து ஓர் இன்ஜினியரை வரச் சொல்லியிருந்தோம். அவர் தனியாக வருகிறார், அவர் பார்த்து சரி என்று சொல்லிவிட்டால் இன்றைக்கே முடித்துவிடலாம் என்றேன். முனிரத்தினத்தின் முகம் மலர்ந்தது. கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

மேடம் நோட்டைத் திறந்து, வயசு என்ன இருக்கும் என்றார். இருபத்தாறு முடிந்துவிட்டது என்றார் அவர். மேடம் திடுக்கிட்டு, "நூறுன்னு சொன்னாங்களே" என்றார். முனிரத்தினத்துக்கு வேர்த்துவிட்டது. நூறு என்று யார் சொன்னார்கள், தரகர் அப்படியெல்லாம் சொல்லவே இல்லையே, எங்கள் சக்திக்கு ஏதோ முப்பது பவுன் என்று மென்று விழுங்கினார். பவுன் என்றது எங்கள் யார் காதிலும் விழவில்லை. காரணம், அந்த நேரம் ரஹீம் பாய் சுவரை டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தார். விரிசல் ஏதாவது உண்டா என்று அவர் கேட்க, எங்கள் குடும்பத்தில் விரிசலா, அண்ணன் தம்பி நாலு பேரும் இன்றுவரை ஒற்றுமை என்று முனிரத்தினம் மார்பை நிமிர்த்தினார்.

மேடத்துக்கு அவர் மேல் இரக்கம் வந்துவிட்டது. பிறந்து வளர்ந்த வீட்டைத் தருகிறவர், அதனால்தான் தடுமாறுகிறார் என்று நினைத்துவிட்டார். குரலைத் தணித்துச் சொன்னார்:

"கவலப்படாதீங்க. நாங்க எடுத்துக்கிட்டா, இருக்கிறது இருக்கிறபடியே வச்சிப்போம். எங்க வசதிக்கு எதையும் மாத்த மாட்டோம். வாரத்துல ஒரு நாள் முழு லீவு."

கதவுக்குப் பின்னாலிருந்து முனிரத்தினத்தின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். இந்தக் காலத்தில் இப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று மேடத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மேடத்துக்கும் கண் கலங்கியது. மரபின் மேல் மக்களுக்கு இவ்வளவு பாசமா என்று நானும் கைக்குட்டையைத் தேடினேன். (எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.)

அப்போதுதான் முனிரத்தினத்தின் மகள் நித்யா கேசரி, பஜ்ஜி, காபி அடுக்கிய தட்டோடு வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. வேறொரு ஷூ கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை செய்கிறாளாம். கோதண்டம் அண்ணன் அவளை உற்றுப் பார்த்து, "வேஷம் கட்ற மொகம்மா உனக்கு. எங்க கூட்டத்துல சேந்துக்கிறியா?" என்றார். முனிரத்தினம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நித்யா மட்டும் பதறவில்லை. என் மடியிலிருந்த அளவு நாடாவைப் பார்த்தாள். பிறகு காபியைக் கொடுக்கிற மாதிரி குனிந்து, "அக்கா, நீங்கல்லாம் யாரு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் வாசலில் ஓர் இளைஞர் வந்து நின்றார். முனிரத்தினம், இன்ஜினியர் வந்துவிட்டார் என்றார். அப்பாடா என்று நான் எழுந்து ஓடினேன். வாங்க சார், உங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம் என்று அளவு நாடாவின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்து, ஹாலிலிருந்து ஆரம்பித்துவிடலாம் என்றேன். அவரும் இன்ஜினியர் அல்லவா, நாடாவைக் கண்டதும் கை தானாக இழுத்துப் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் தரையில் குந்தி ஹாலை அளந்துகொண்டிருந்தபோது, அவருடைய அம்மாவும் நாலைந்து உறவினர்களும் பழத்தட்டோடு உள்ளே வந்தார்கள்.

குடியாத்தத்திலிருந்து பெண் பார்க்க வந்திருந்த அந்த அம்மாள், ஏற்கெனவே ஒரு கூட்டம் உட்கார்ந்து கேசரி சாப்பிடுவதைப் பார்த்தார். "யாருங்க இவங்க?" என்றார். முனிரத்தினம் எங்களைப் பார்த்து, நீங்கள் யார் என்றார். மேடம் என்னைப் பார்த்தார். நான் கேசரியைப் பார்த்தேன்.

ஒரே நேரத்தில் இரண்டு மாப்பிள்ளை வீட்டை வரச் சொல்லி, எது தேறும் என்று பார்க்கிறீர்களா என்று அந்த அம்மாள் கொதித்துப்போய்த் திரும்பி நடந்தார். உறவினர்கள் பின்னாலேயே போனார்கள். நித்யாவின் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நித்யா அழவில்லை. ஆனால் தட்டைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. இதுவரை நடந்ததெல்லாம் என் மானம் சம்பந்தப்பட்ட விஷயம். இது அவள் வாழ்க்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்துக்கு அவள் விலை கொடுக்கக் கூடாது என்று தோன்றியது.

ஓடினேன். காலில் ஒன்று என் செருப்பு, இன்னொன்று ரஹீம் பாயுடையது. அவர்கள் வந்த வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க எல்லாவற்றையும் ஒப்பித்தேன். குழு, அருங்காட்சியகம், பிரியாணி, தூக்கம், தூண். பின்னாலேயே வந்து நின்ற மேடம், தேக்குத் தூண் பொய்யா என்று கேட்டார்.

"பொய் மேடம்."

"அப்ப, நீ பாத்த வீடு?"

"இனிமேதான் பாக்கணும் மேடம்."

தெருவே வேடிக்கை பார்த்தது. அந்த அம்மாள் என்னைத் தலையிலிருந்து அந்த ஜோடி சேராத செருப்புகள் வரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சொன்னார்: "பொய் சொல்றவ தன்ன புத்திசாலின்னு காட்டிக்கத்தான் சொல்லுவா. தன்ன இவ்ளோ மக்குன்னு காட்டிக்க எவளும் பொய் சொல்ல மாட்டா. இது நெசந்தான், எறங்குங்க எல்லாரும்."

இறங்கி மறுபடி வீட்டுக்குள் வந்தார்கள். மாப்பிள்ளை அதற்குள் நாடாவைச் சுருட்டி என்னிடம் நீட்டி, ஹால் பதினாறுக்குப் பன்னிரண்டு என்றார். அதைக் கேட்டு முதலில் சிரித்தது நித்யாதான். அந்தச் சிரிப்பிலேயே பாதி சம்பந்தம் முடிந்துவிட்டது என்று கோதண்டம் அண்ணன் இன்றும் சாதிக்கிறார். பஜ்ஜியை மறுபடி போட்டார்கள். எங்களையும் விடவில்லை. அண்ணன் ஒரு வாழ்த்துப் பாட்டு எடுத்து விட்டார், நீல விளக்கு அதிர்ந்தது.

எங்களுக்கு வீடு தருவதாகச் சொன்ன முனிரத்தினம் வேறு ஆள், பின்தெருவில் இருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, அவரும் வேலூர் இன்ஜினியரும் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, பேச விஷயம் தீர்ந்து, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் நிஜமாகவே தேக்குத் தூண்கள் இருந்தன. மேடம் ஒன்றைக் கட்டிப் பிடித்துப் பார்த்தார். கை தாராளமாக எட்டியது. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. இப்போது அந்த வீட்டில்தான் எங்கள் அருங்காட்சியகம் நடக்கிறது. செயலாளர் பதவியை ராஜினாமா செய்கிறேன் என்று கடிதம் கொடுத்தேன். மேடம் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, இனிமேல் எங்கே போனாலும் போட்டோ எடுத்து அனுப்பு என்று மட்டும் சொன்னார்.

கல்யாணத்துக்குக் குழுவோடு போயிருந்தேன். தாலி கட்டும் நேரம் மேடையிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவருக்குப் பெண் பிள்ளை கிடையாதாம். மிச்ச இரண்டு முடிச்சைப் போட ஒரு நாத்தனார் வேண்டும், வா என்றார். சொந்தத்தில் ஆளா இல்லை என்று யாரோ முணுமுணுத்தார்கள். "மொதல்ல வந்து பொண்ணு பாத்தது இவதான், இவளே போடட்டும்" என்று சொல்லிவிட்டார். போய் முடிச்சுப் போட்டேன். நன்றாக இறுக்கி, இழுத்துப் பார்த்துத்தான் போட்டேன், ஷூவில் தையல் விடுகிறதா என்று இழுத்துப் பார்ப்பதுதானே என் தொழில்.

அன்று முதல் நான் அந்த வீட்டுக்கு நாத்தனார், அவர்கள் குழந்தைக்கு அத்தை. போன மாதம் குழந்தைக்குக் காது குத்தல். அத்தை நேரத்துக்கு வந்தாக வேண்டும் என்று நித்யா நாலு தடவை போன் செய்து சொல்லியிருந்தாள். முக்கால் மணி நேரம் முன்னாலேயே மண்டபத்துக்குப் போய், சந்தனம் பூசி, கல்கண்டு எடுத்துக்கொண்டு, முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து அம்மாளிடம் நான் குழந்தையின் அத்தை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். வாசல் பக்கமிருந்து நித்யாவின் குரல் கேட்டது.

"அண்ணி, நம்மளுது மாடியில. இது வேற யாரோ அறுபதாம் கல்யாணம்."