சுனாபட்டிக்கு வந்த காய்ச்சல்

எருமைக்கு வரும் காய்ச்சல், ஆட்டுக்கு வரும் சோகை, கோழிக்கு வரும் கழிச்சல், நாய்க்கு வரும் உண்ணி வியாதி ஆகிய அத்தனையும் வந்து, அதற்குப் பிறகும் காலையில் ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டு வேலைக்கு வந்தவர் இந்த மும்பையில் ஒருவர்தான். அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் ஸ்லைடு அண்ணாச்சி.

நான் கால்நடை மருத்துவம் படித்த கல்லூரியில் அவர் லேப் டெக்னீஷியன். வீடு தாராவி, பேச்சு திருநெல்வேலி. வகுப்பில் பாடம் நடத்துவது மேடம். ஆனால் மாட்டின் ரத்தத்தில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் இழுத்து, சாயம் ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இன்ன கிருமி என்று சொல்லப் பழகுவது அண்ணாச்சியிடம். பழகினோமா என்பது வேறு விஷயம். ஏனென்றால் நாங்கள் சொன்னது சரியா தப்பா என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

"அண்ணாச்சி, இது கிருமிதானே?"

"இருந்தாலும் இருக்கும்."

"அப்போ கிருமி இல்லையா?"

"அப்படியும் இருக்கும்மா."

தமிழ் தெரியாதவர்களுக்கு இதே பதில் இந்தியில் கிடைக்கும்: "ஹோ சக்தா ஹை." ஒருநாள் விளக்கு அணைந்து, மின்விசிறி நின்று, லேபே இருட்டாகிவிட்டது. கரண்ட் போய்விட்டதா என்று மேடம் கேட்க, இருட்டுக்குள்ளிருந்து வந்த பதில், "ஹோ சக்தா ஹை, மேடம்."

மான்குர்த்திலிருந்து ஒருவர் ஆட்டைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆட்டுக்கு வியாதியா என்று கேட்டார். ஹோ சக்தா ஹை. அப்படியானால் நன்றாக இல்லையா என்றார். நன்றாகவும் இருக்கலாம் என்றார் அண்ணாச்சி. இதற்கு ஆட்டையே கேட்டிருப்பேன் என்று இந்தியில் சொல்லிவிட்டு அந்த மனிதர் மேடத்தைத் தேடிப் போனார். "வியாதின்னு சொல்லுத அதிகாரம் கையெழுத்து போடுதவங்களுக்குத்தான். நான் எதுக்குச் சொல்லணும்?" என்பது அண்ணாச்சியின் நியாயம்.

இது போதாதென்று, ஸ்லைடுகளுக்கு அவர் நம்பர் போட மாட்டார். நம்பர் போட்டால் பிள்ளைகள் சீனியர்களிடம் கேட்டு மனப்பாடம் செய்துவிடுமாம். அதனால் பென்சிலால் ஹார்பர் லைன் ரயில் ஸ்டேஷன் பெயர்களை எழுதுவார். வாரத்துக்கு வாரம் மாற்றுவார். போன வாரம் குர்லா என்றால் எருமை, இந்த வாரம் குர்லா என்றால் பூனை. "குர்லாவுக்கு ரத்தசோகை, கோவண்டிக்கு ஒண்ணுமில்லை, வடாலா பிழைக்காது" என்று நாங்கள் ரயிலில் பேசிக்கொண்டு போனால் பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்து வேறு இடம் பார்ப்பார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குழப்பம், ஒவ்வொரு திங்கட்கிழமையும் தட்டில் இருக்கும் பன்னிரண்டு ஸ்லைடில் ஒன்று அண்ணாச்சியின் ரத்தம். நோயில்லாத ரத்தம் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா? "நல்லா இருக்க மாட்டை எவன் லேபுக்குக் கொண்டாரான்?" என்பார். அதனால் காலையில் வந்ததும் தன் விரலைத் தானே குத்திக்கொள்வார். எந்த ஸ்டேஷனில் அவர் இருக்கிறார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். பிள்ளைகள் அவருக்குக் கொடுத்த வியாதிகளை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். கோழிக் கழிச்சல் கொடுத்தவர் இன்று பெரிய டாக்டர். அவருக்குச் சினை பிடித்திருக்கிறது என்று எழுதிய மகானும் உண்டு.

அந்த நோட்டில் என் பங்கு கொஞ்சம் அதிகம். முதல் வாரம் அவருடைய ரத்தம் முழுக்க ஊதாப் புள்ளிகளைக் கண்டு, மாடு செத்துப்போகும் என்று எழுதினேன். அது கிருமி இல்லை, சாயக் கசடு. சாயத்தை வடிகட்டாமல் ஊற்றியது நானேதான். அடுத்த முறை நல்ல ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்களையே கிருமி என்றேன். தாணேயிலிருந்து வரும் என் தோழி பிரணாலி எனக்கு 'கச்ரா குயின்' என்று பெயர் வைத்தாள். குப்பை ராணி என்று அர்த்தம். அதிலிருந்து என் கண்ணை நானே நம்புவதில்லை.

நல்ல மழைக்காலத்தில் எங்களுக்கு உள்தேர்வு வந்தது. அன்று அண்ணாச்சி ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் போட்டிருந்தார். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார். ஏசி ஓடி இரண்டு மாதமாகியிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை, எல்லோருக்கும் மார்க் கவலை.

சுனாபட்டி என்று எழுதிய ஸ்லைடில், சிவப்பணுவுக்குள் மோதிரம் மோதிரமாக இருந்தது. உண்ணி கடித்து நாய்க்கு வரும் பபேசியா என்ற கிருமி அப்படித்தான் இருக்கும். 'நாய், பபேசியா' என்று எழுதினேன். மேடம் அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"சுனாபட்டி நாந்தாம்மா," என்றார் அண்ணாச்சி. "இதுல நாய்ன்னு வேற எழுதிட்டியே."

வகுப்பே சிரித்தது. மேடம் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார். அண்ணாச்சி நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

நான் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் மறுபடியும் போய்ப் பார்த்தேன். கசடு என்றால் அணுவுக்கு மேலே மிதக்கும், மைக்ராஸ்கோப்பின் திருகைத் திருப்பி அணுவைத் தெளிவாக்கினால் புள்ளி மங்கிவிடும். இங்கே அணு தெளிந்தபோது மோதிரமும் தெளிந்தது. ஆனால் நாயின் பபேசியா மனிதருக்கு வராதே. அப்படியென்றால் இது பபேசியா இல்லை. ஆனால் மோதிரம் இருக்கிறதே. என் கண் கெட்டுவிட்டதா, மைக்ராஸ்கோப் கெட்டுவிட்டதா, அண்ணாச்சி கெட்டுவிட்டாரா என்று ஒன்றும் புரியவில்லை. தலையைத் தூக்கினேன். எதிரே குரங்குக் குல்லாய். கொசு கடித்து மனிதருக்கு வரும் மலேரியாக் கிருமியும் இதே மோதிரம்தான் என்று புத்தகத்தில் இருந்த ஒரு வரி அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அண்ணாச்சி, உங்களுக்கு ஜுரமா?"

"இருந்தாலும் இருக்கும்."

"எத்தனை நாளா?"

"ஒரு வாரமா ஒருநாள் விட்டு ஒருநாள் குளிருது. மழைல்லா."

"நீங்களே வந்து பாருங்கோ. இது மலேரியா."

"எம்மா, இத்தன வருசத்துல நீங்கல்லாம் சொன்னத நம்பியிருந்தா நான் எத்தன தடவ செத்துருக்கணும்?"

"இந்த ஒரு தடவை மட்டும் பாருங்கோ, ப்ளீஸ்." அவருடைய ஸ்வெட்டர் கையைப் பிடித்து இழுத்தேன். எனக்கே அது ஆச்சரியம்.

பார்த்தார். திருகை மேலே கொண்டுபோனார், கீழே கொண்டுவந்தார். குல்லாயைக் கழற்றினார். பிறகு மறுபடியும் விரலைக் குத்தி, சாயத்தை இரண்டு முறை வடிகட்டி, புது ஸ்லைடு ஒன்றைத் தானே செய்தார். முக்கால் மணி நேரம் நானும் பிரணாலியும் நின்றோம். காய்ந்ததும் பார்த்தார்.

"இருந்தாலும்..." என்றார். மிச்சத்தைச் சொல்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அந்த வாக்கியத்தை அவர் பாதியில் விட்டு அதுவரை நான் கேட்டதில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

டாக்சியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மலேரியா என்று சொன்னது யார் என்று டாக்டர் கேட்டார். நாங்கள் கால்நடை மருத்துவ மாணவிகள் என்றதும் எங்களையும் அண்ணாச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணாச்சி நடுங்கிக்கொண்டே இந்தியில் எங்களுக்குச் சிபாரிசு செய்தார்: "மாடு நாய் பாக்கிற பிள்ளைங்கதான் சாப், ஆனா நல்லாப் பாக்கும்."

மலேரியாவேதான். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் சிக்கலாகியிருக்கும் என்றார்கள். படுக்கவைத்த ஐந்து நாளும், இங்கே சாயத்தை வடிகட்டுகிறீர்களா என்று அவர் ஆஸ்பத்திரி டெக்னீஷியனைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். மேடம் எனக்கு அரை மார்க் போட்டார். மிருகமும் தப்பு, கிருமியும் தப்பு, மோதிரம் மட்டும் சரி.

அண்ணாச்சி இனி தன் ரத்தத்தைத் தட்டில் வைக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. அடுத்த திங்கட்கிழமை நல்ல ரத்தத்துக்கு எங்கே போவது? நான் விரலை நீட்டினேன். ஹார்பர் லைனை விட்டுவிட்டு, என் வீடு இருக்கும் ஊரையே அவர் ஸ்லைடில் எழுதினார்: மாட்டுங்கா. முதல் நாளே பிரணாலி எனக்கு எருமைக் காய்ச்சல் கொடுத்தாள்.

இப்போது நான் செம்பூரில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். ஆனாலும் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலையில் ரயிலேறி அந்த லேபுக்குப் போய் விரலை நீட்டுகிறேன். தட்டில் வைப்பதற்கு முன்னால் அண்ணாச்சி என் ஸ்லைடை ரொம்ப நேரம் பார்ப்பார், திருகை மேலும் கீழும் திருப்புவார். யாரிடமும் எதையும் உறுதியாகச் சொல்லாத மனிதர், கண்ணை எடுக்காமலே என்னிடம் மட்டும் சொல்வார்: "ஒண்ணும் இல்லம்மா. நல்லாருக்க."

அதைக் கேட்கத்தான் போகிறேன்.